அளவீடும் மறுமொழியும்: வீட்டுவழிச் சிகிச்சையையும் தொலைமருத்துவத்தையும் பற்றிய ஆய்வுகள் உணர்த்துவன

நோயாளி மருத்துவமனையைத் தேடிச் செல்வதுதான் மருத்துவத்தின் இயல்பான வழி என்னும் எண்ணம் மிகப் பழையதன்று. வைத்தியர் வீட்டுக்கு வந்து நாடி பார்ப்பதும், பேறுகாலத்தில் மருத்துவச்சி வீடு தேடி வருவதும் சில தலைமுறைகளுக்கு முன்புவரை வழக்கமாக இருந்தன. எக்ஸ்ரே கருவியும் ஆய்வுக்கூடமும் அறுவை அரங்கும் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்த பின்னரே மருத்துவமனை சிகிச்சையின் மையமாயிற்று. திடீரென வந்து சில நாளில் தீர்ந்துபோகும் நோய்களுக்கு அந்த ஏற்பாடு பொருந்தியது. ஆனால் உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, இதயச் செயலிழப்பு, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு, பக்கவாதத்தின் பின்விளைவுகள், புற்றுநோயின் இறுதிக் கட்ட வலி ஆகியவை மனிதருடன் ஆண்டுக்கணக்கில் வீட்டிலேயே தங்கி வாழும் நோய்கள் என்பதால், அவற்றுக்கான சிகிச்சையும் வீட்டில்தான் நடந்தாக வேண்டும் என்ற தெளிவு உலகெங்கும் மருத்துவ ஆய்வாளரிடையே வலுப்பெற்று வந்திருக்கிறது.

இத்துறையில் மூன்று சொற்களை வேறுபடுத்தி அறிவது நன்று. செவிலியரோ, இயன்முறை மருத்துவரோ, பயிற்சி பெற்ற களப்பணியாளரோ நோயாளியின் வீட்டுக்கு நேரில் சென்று செய்யும் மருத்துவப் பணி வீட்டுவழிச் சிகிச்சை எனப்படும். தொலைபேசியின் வழியாகவோ காணொளியின் வழியாகவோ மருத்துவரும் நோயாளியும் கலந்து பேசி நோயறிந்து மருந்து முடிவு செய்வது தொலைமருத்துவம் ஆகும். நோயாளியின் எடை, இரத்த அழுத்தம், இதயத் துடிப்பு போன்ற அளவுகள் வீட்டிலேயே எடுக்கப்பட்டு, தொலைவிலுள்ள ஒரு மையத்துக்குத் தொடர்ந்து அனுப்பப்படுவது தொலைக்கண்காணிப்பு ஆகும். நடைமுறையில் இவை மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பினும், ஆய்வு முடிவுகளைப் படிக்கும்போது எது எதைச் சாதித்தது என்று பிரித்துப் பார்க்காவிட்டால் அது தவறான முடிவுகளுக்கே இட்டுச் செல்லும்.

தொலைவைக் கம்பியால் கடக்கும் முயற்சி நூற்றாண்டைத் தாண்டியது. இதய மின்வரைவை உருவாக்கியமைக்காகப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற வில்லெம் எய்ந்தோவன், 1905-இல் நெதர்லாந்தின் லெய்டன் நகர மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளின் இதயத் துடிப்பை, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த தமது ஆய்வுக்கூடத்தில் தொலைபேசிக் கம்பி வழியாகப் பதிவு செய்தார். அன்றே ஒரு செய்தி உறுதியாயிற்று: உடலின் அளவீடு உடலை விட்டுப் பிரிந்து பயணம் செய்ய முடியும். அந்த அளவீடு சென்று சேர்ந்த இடத்தில் என்ன நிகழ்கிறது, அங்கிருந்து நோயாளிக்கு என்ன திரும்பி வருகிறது என்ற கேள்விக்கு விடை காண்பதிலேயே அண்மைக் கால ஆய்வுகள் பெரிதும் ஈடுபட்டிருக்கின்றன.

அக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது இதயச் செயலிழப்பு நோயில்தான். இதயத்தின் இறைக்கும் ஆற்றல் குறையும்போது உடலில் நீர் தேங்குகிறது. கால் வீங்குவதற்கும் மூச்சு முட்டுவதற்கும் சில நாள்களுக்கு முன்பே எடை கூடத் தொடங்குவதுண்டு. ஆகவே நாள்தோறும் எடையைக் கண்காணித்தால், நோயாளி மருத்துவமனையில் சேரும் நிலைக்குப் போகுமுன்பே நீர் பிரிக்கும் மாத்திரையின் அளவைக் கூட்டி அவரைக் காத்துவிடலாம் என்று மருத்துவ உலகம் எதிர்பார்த்தது. அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான டெலி-எச்.எஃப். ஆய்வு இந்த எதிர்பார்ப்பைச் சோதித்தது. அண்மையில் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 1,653 நோயாளிகள், யார் எந்தக் குழுவில் சேர்வது என்பதைக் குலுக்கல் போல் தற்செயலாகத் தீர்மானிக்கும் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் நாள்தோறும் தானியங்கித் தொலைபேசிக் குரலுக்குத் தம் எடையையும் அறிகுறிகளையும் பதிலாகத் தந்தனர். மறு குழுவினர் வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்தனர். 180 நாள்களில் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தோர் அல்லது இறந்தோர் விகிதம் முதல் குழுவில் 52.3 விழுக்காடு, இரண்டாம் குழுவில் 51.5 விழுக்காடு. பயன் ஏதும் தெரியவில்லை. கண்காணிப்புக் குழுவில் சேர்க்கப்பட்டோரில் 14 விழுக்காட்டினர் அந்தத் தொலைபேசி அமைப்பை ஒரு முறைகூடப் பயன்படுத்தவில்லை என்பதும், இறுதி வாரத்தில் வாரம் மூன்று முறையேனும் பயன்படுத்தியவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேரே என்பதும் அந்த ஆய்வு தரும் முதன்மையான பாடங்கள்.

கலிஃபோர்னியாவின் ஆறு மருத்துவ மையங்களில் 1,437 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான பீட்-எச்.எஃப். ஆய்வு, மின்னணுக் கருவிகளோடு தொலைபேசி வழி அறிவுரையையும் சேர்த்துப் பார்த்தது. 180 நாள்களுக்குள் மீண்டும் மருத்துவமனையில் சேர்வதை அதுவும் குறைக்கவில்லை. இவ்விரண்டு ஆய்வுகளோடு நின்றிருந்தால் தொலைக்கண்காணிப்பு வீண் செலவு என்றே முடிவு கட்டியிருக்கலாம். ஆனால் ஜெர்மனியில் 1,571 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான டிம்-எச்.எஃப்.2 ஆய்வில் முடிவு வேறாக வந்தது. நோயாளிகள் எடை, இரத்த அழுத்தம், இதய மின்வரைவு, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு ஆகியவற்றை நாள்தோறும் அனுப்ப, பெர்லினின் ஷரிட்டே பல்கலைக்கழக மருத்துவமனையில் மருத்துவர்களும் செவிலியர்களும் இரவு பகலாக அமர்ந்திருந்த மையம் அவற்றைப் பார்த்து, தேவைப்படும்போது உடனே நோயாளியையோ அவருடைய குடும்ப மருத்துவரையோ அழைத்து மருந்தை மாற்றச் செய்தது. எதிர்பாராத இதய நோய்ச் சேர்க்கையாலோ இறப்பாலோ இழந்த நாள்கள், ஆண்டு ஒன்றுக்கு 24.2-லிருந்து 17.8 ஆகக் குறைந்தன. இறப்பு வீதமும் குறைந்தது.

மூன்று ஆய்வுகளிலும் எடை அளந்த தராசு ஏறத்தாழ ஒன்றே. நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த முறையிலும் நாட்டின் மருத்துவ அமைப்பிலும் வேறுபாடுகள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவற்றுக்கிடையே கண்ணுக்குத் தெரியும் பெரிய வேறுபாடு, அளவீடு சென்று சேர்ந்த இடத்தில் அதைப் பார்க்கக் கடமைப்பட்டவராகவும், சிகிச்சையை மாற்றும் அதிகாரம் உள்ளவராகவும், தாமதமின்றிச் செயல்படுபவராகவும் ஒருவர் இருந்தாரா என்பதே. அளவீடு நோயைக் குணப்படுத்துவதில்லை. அளவீட்டுக்குக் கிடைக்கும் மறுமொழியே குணப்படுத்துகிறது. வீட்டுவழிச் சிகிச்சை பற்றிய ஆய்வுகள் அனைத்தையும் கோத்துப் பார்க்கும் நூல் இதுவே என்பது இவ்வுரையின் துணிபு.

இந்த நூலைப் பிடித்துக்கொண்டு இரத்த அழுத்த ஆய்வுகளுக்கு வந்தால் தெளிவு இன்னும் கூடுகிறது. பிரிட்டனில் 1,182 பேரிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான டாஸ்மின்-எச்4 ஆய்வில், வீட்டிலேயே தாமே அளந்து பார்த்தவர்களின் அளவுகளை வைத்து மருத்துவர்கள் மருந்தை முடிவு செய்தனர். ஓராண்டு முடிவில் மேல் அழுத்தம் வழக்கமான சிகிச்சைக் குழுவில் சராசரி 140.4 ஆகவும், தாமே அளந்து எழுதித் தந்த குழுவில் 137 ஆகவும், அளவுகளைத் தொலைவழி அனுப்பிய குழுவில் 136 ஆகவும் இருந்தது. தாளில் எழுதித் தந்தவர்க்கும் தொலைவழி அனுப்பியவர்க்கும் இடையே பெரிய வேறுபாடில்லை என்பது கருதத்தக்கது. வீட்டு அளவை மருத்துவர் மதித்து மருந்தை மாற்றினார் என்பதே இரு குழுக்களுக்கும் பொதுவானது. அனுப்பும் கருவி அந்த வேலையை ஓரளவு எளிதாக்கியது, அவ்வளவே.

வீட்டு அளவை மதிக்க வேண்டுமானால் அது சரியாக எடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு முதியவருக்கு வீட்டில் அழுத்தம் பார்க்கும் சில நிமிடங்களை அருகிருந்து நோக்கினால் இது விளங்கும். அவர் சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாயும்படி நாற்காலியில், பாதங்கள் தரையில் படியுமாறு, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருக்க வேண்டும். சட்டைக் கையின்மேல் அன்றி வெறும் கையில், முழங்கைக்குச் சற்று மேலே பட்டையைச் சுற்றி, அந்தக் கை மேசைமீது இதயத்தின் மட்டத்தில் இருக்குமாறு வைக்க வேண்டும். ஒரு முறை பார்த்து, ஒரு நிமிடம் விட்டு மறுமுறை பார்த்து, இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். பட்டை கைக்குச் சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். கை தொங்கிக் கிடந்தாலும் அப்படியே. கட்டிலும் பாயும் மட்டுமே உள்ள வீட்டில் முதுகுக்கும் கைக்கும் ஆதாரம் தேடுவதே களப்பணியாளரின் முதல் வேலையாகிறது. மருத்துவமனையில் 140/90 எனக் கொள்ளப்படும் எல்லை வீட்டில் 135/85 எனக் கொள்ளப்படுவதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். இத்தனையும் ஒரு மனிதரின் கைத்திறன். செயலியின் திறன் அன்று.

தெற்காசியக் கிராமங்களில் நடந்த இரு ஆய்வுகள் இதையே உறுதி செய்கின்றன. வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமப் பகுதிகளில் 2,645 பேரிடம் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான கோப்ரா-பி.பி.எஸ். ஆய்வில், அரசின் களப்பணியாளர்கள் வீடுதோறும் சென்று அழுத்தம் பார்த்து, உணவு பற்றியும் மருந்து பற்றியும் பேசி, கட்டுக்குள் வராதவர்களைப் பயிற்சி பெற்ற மருத்துவரிடம் அனுப்பினர். இரண்டாண்டு முடிவில், இவ்வேற்பாடு இல்லாத கிராமங்களைவிட மேல் அழுத்தம் ஏறத்தாழ 5 அலகு கூடுதலாகக் குறைந்திருந்தது. மாறாக, ஆந்திரத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் 18 ஆரம்ப சுகாதார நிலையங்களின் எல்லையில் நடந்த ஸ்மார்ட்ஹெல்த் ஆய்வில், ஆஷா எனப்படும் கிராமச் சமூக சுகாதாரப் பணியாளர்கள் கைக்கணினியின் துணையோடு இதய நோய் அபாயம் மிகுந்தோரைக் கண்டறிந்து மருத்துவரிடம் அனுப்பியபோதிலும், அழுத்த இலக்கை எட்டியோர் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அபாயத்தைத் திரையில் கணக்கிடுவது ஒன்று; மாத்திரை தவறாமல் கிடைத்து, அளவு திருத்தப்பட்டு, நோயாளி அதைத் தொடர்ந்து உட்கொள்வது மற்றொன்று.

மருத்துவர் இல்லாத இடத்தில் மறுமொழியை வீட்டிலேயே தர முடியுமா என்ற கேள்விக்கு இந்தியாவிலேயே உறுதியான விடை உண்டு. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் இணையர் தொடங்கிய சர்ச் அமைப்பு, 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பிறந்த குழந்தையின் பராமரிப்பில் பயிற்சி அளித்தது. அப்பெண்கள் வீடுகளுக்குச் சென்று குழந்தையை எடை பார்த்தனர், உடல் குளிராமல் காக்கக் கற்றுத் தந்தனர், மூச்சுத் திணறலைக் கவனித்தனர்; இரத்தத்தில் கிருமி பரவியதன் அறிகுறிகளைக் கண்டபோது, பெற்றோரின் இசைவு பெற்று நுண்ணுயிர்க்கொல்லி ஊசியையும் தாமே போட்டனர். 47 ஒப்பீட்டுக் கிராமங்களோடு வைத்துப் பார்க்கையில், மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்திருந்தது என 1999-இல் லான்செட் இதழில் வெளியான கட்டுரை காட்டியது. இந்தியா 2011-இல் தொடங்கிய வீட்டுவழிப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தில், பிறந்த 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்களில் ஆஷா பணியாளர் வீடு செல்வது இந்த அனுபவத்தின் வழி வந்ததே. அங்கே காணொளி இல்லை, செயலி இல்லை. கண்டறிந்தவரிடமே செயல்படும் உரிமையும் திறனும் மருந்தும் இருந்தன.

கேரளத்தின் வலி தணிப்பு இயக்கம் வேறொரு முனையில் இதே உண்மையைச் சொல்கிறது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-இல் தொடங்கிய வலி நிவாரண அமைப்பு, நாளடைவில் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள் படுக்கையிலிருப்போரைத் தேடிச் செல்லும் பெரிய வலைப்பின்னலாக விரிந்தது. அம்மாநில அரசு 2008-இல் இதற்கெனக் கொள்கையே வகுத்தது. தன்னார்வலர் பார்த்துச் சொல்வதைக் கேட்டு, செவிலியர் மருந்துப் பையோடு வருகிறார் என்பதே அதன் உயிர்நிலை. இங்குத் தொலைமருத்துவத்தின் எல்லையும் புலப்படுகிறது. இந்தியாவில் 2020 மார்ச் 25 அன்று வெளியிடப்பட்ட தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள், பதிவு பெற்ற மருத்துவர் தொலைவழியில் எந்தெந்த மருந்துகளை எழுதலாம் என்று வகைப்படுத்தின. எந்தக் கலந்துரையாடலிலும் எழுதத்தக்கவை, காணொளியில் நோயாளியைக் கண்ட பின்னரே எழுதத்தக்கவை, ஏற்கெனவே தொடரும் சிகிச்சைக்குத் துணையாக எழுதத்தக்கவை, ஒருபோதும் எழுதக் கூடாதவை என அப்பட்டியல் நால்வகைப்படும். போதை மருந்துச் சட்டத்தின்கீழ் வருபவை கடைசி வகையைச் சேர்ந்தன. புற்றுநோயாளியின் கடும் வலிக்கு உயிரான மார்ஃபினைத் தொலைபேசியில் எழுதித் தர இயலாது. அதைக் கொண்டு சேர்க்க ஒருவர் வீட்டுப்படி ஏறியே ஆக வேண்டும்.

மருத்துவமனை அளவிலான சிகிச்சையையே வீட்டுக்குக் கொண்டு செல்லும் முயற்சிகளும் உண்டு. பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனையில் 91 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வில், உள்நோயாளியாகச் சேர வேண்டிய நிலையிலிருந்தவர்களில் ஒரு பகுதியினர் வீட்டிலேயே வைத்துப் பார்க்கப்பட்டனர். செவிலியரும் மருத்துவரும் நாள்தோறும் சென்றனர், உடலில் ஒட்டிய கருவி இடைவிடாது கண்காணித்தது. செலவு 38 விழுக்காடு குறைந்தது. 30 நாளில் மீண்டும் சேர்ந்தோர் மருத்துவமனைக் குழுவில் 23 விழுக்காடாக இருக்க, வீட்டுக் குழுவில் 7 விழுக்காடாக இருந்தனர். நாளின் 55 விழுக்காட்டை மருத்துவமனை நோயாளிகள் படுத்தே கழித்தனர். வீட்டிலிருந்தோர் 18 விழுக்காட்டையே அவ்வாறு கழித்தனர். எழுந்து சமையலறை வரை நடப்பதும் தன் தட்டைத் தானே எடுப்பதும் முதியவரின் தசை வலுவைக் காக்க உதவும் என்பதால் இந்த வேறுபாடு கருதத்தக்கது.

எனினும் செலவு குறைந்தது என்று சொல்லும்போது, யாருடைய செலவு என்று கேட்டாக வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பதும், இடுப்பின் அடிப்புறத்தோல் சிவந்திருக்கிறதா என விரலால் அழுத்திப் பார்ப்பதும், படுக்கைப்புண் வந்துவிட்டால் அதைக் கழுவிக் கட்டுவதும், இரவில் மூக்குக் குழாய் நழுவாமல் காப்பதும் மருத்துவமனையில் ஊதியம் பெறும் வேலைகள். வீட்டில் அவை பெரும்பாலும் மனைவியின், மகளின், மருமகளின் தலையில் விழும் ஊதியமற்ற உழைப்பு. பராமரிப்பவரின் தூக்கத்தையும் கைவிட்ட கூலி வேலையையும் கணக்கில் சேர்க்காத ஆய்வு, சுமையை இடம் மாற்றிவிட்டுச் சுமை குறைந்ததாக அறிவிப்பதற்கு ஒப்பாகும். குடும்பத்தின் சுமையை விட்டு மருத்துவ அமைப்பின் செலவை மட்டும் பார்த்தாலும் கேள்வி தீர்வதில்லை. பிரிட்டனில் 3,230 பேரைக் கொண்டு நடந்த பெரும் ஆய்வொன்று, தொலைக்கண்காணிப்புக் குழுவில் ஓராண்டு இறப்பு 8.3-க்குப் பதில் 4.6 விழுக்காடாக இருந்ததைக் காட்டியது. ஆனால் அதே ஆய்வின் பொருளாதாரக் கணக்கு, நலமுடன் கூடிய ஓராண்டு வாழ்வைப் பெற ஆகும் செலவு 92,000 பவுண்டு என மதிப்பிட்டது. அந்நாட்டில் அப்போது வழக்கமாக ஏற்கப்பட்ட அளவான 20,000 முதல் 30,000 பவுண்டைவிட அது மிக அதிகம். ஒரே திட்டம் ஒரு கண்ணுக்கு வெற்றியாகவும் மற்றொரு கண்ணுக்குக் கட்டுப்படியாகாததாகவும் தெரியும் என்பதால், இரு கணக்குகளையும் மக்கள்முன் வைப்பது ஆய்வாளரின் கடமை.

கருவிகளின் நேர்மையும் இக்கடமைக்குள் அடங்கும். கொரோனாக் காலத்தில் வீடுகளில் புழங்கிய விரல்நுனி ஆக்சிஜன் மானி, தோலின் வழியே ஒளியைச் செலுத்தி அளப்பது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட கணக்கின்படி, கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் இரத்தத்தில் உண்மையில் ஆக்சிஜன் ஆபத்தான அளவில் குறைந்திருந்த நிலை, வெள்ளையரில் 3.6 விழுக்காடாகவும் கறுப்பினத்தவரில் 11.7 விழுக்காடாகவும் இருந்தது. கருநிறத் தோலுடையோர் மிகுந்த நாடுகள் இந்த எச்சரிக்கையைப் பிறருடையதென்று ஒதுக்க முடியாது. தொலைபேசி யார் கையில் இருக்கிறது என்பதும் அதே போன்ற கேள்வி. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தாமே பயன்படுத்தும் கைப்பேசி தமக்கு உண்டு என்று சொன்ன இந்தியப் பெண்கள் ஏறத்தாழ 54 விழுக்காட்டினரே. மகனின் கைப்பேசிக்கு வரும் அழைப்பில் தாயின் உடல்நிலை விசாரிக்கப்படும் வீட்டில், தாய் சொல்லத் தயங்கும் நோய் மருத்துவர் காதுக்கு எட்டாது.

தமிழ்நாட்டில் 2020-இல் நடந்த தொற்றா நோய்க் கணக்கெடுப்பு, உயர் இரத்த அழுத்தம் உள்ளோரில் 7.3 விழுக்காட்டினரும் நீரிழிவு உள்ளோரில் 10.8 விழுக்காட்டினரும் மட்டுமே நோயைக் கட்டுக்குள் வைத்திருந்தனர் எனக் காட்டியது. மருத்துவக் கட்டமைப்பில் முன்னிற்கும் மாநிலத்திலேயே நிலை இதுவெனில், குறை மருத்துவமனைகளின் எண்ணிக்கையில் இல்லை. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள வழியில் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் அந்த வழியையே சீர்செய்ய முற்பட்டது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்குச் சென்று அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருவதும், செவிலியர் வலி தணிப்புச் சிகிச்சைக்கும் இயன்முறை மருத்துவர் உடற்பயிற்சிக்கும் வருவதும், வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் பைகள் வழங்கப்படுவதும் அதன் கூறுகள். 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் பல்துறைப் பணிக்குழு விருது அதற்குக் கிடைத்தது. இனி அதை அளக்க வேண்டிய கோல், எத்தனை வீடுகளின் கதவு தட்டப்பட்டது என்பதன்று. தட்டிய வீட்டில் அழுத்தம் 170 என்று தெரிந்த பிறகு எத்தனை நாளில் மருந்தின் அளவு மாறியது, ஆறு மாதம் கழித்து அந்த எண் எங்கே நின்றது என்பதே. மத்திய அரசின் இ-சஞ்சீவனி தொலைமருத்துவச் சேவையில், துணை சுகாதார நிலையத்தில் ஒரு பணியாளர் நோயாளியின் அருகிருந்து மருத்துவரோடு பேசவைக்கும் முறையும், நோயாளி தனியே பேசும் முறையும் இரண்டும் உள்ளன. தன்னார்வலர் கண்ட 170 அன்றே மருத்துவரை எட்டவும், மருத்துவரின் முடிவு அன்றே மாத்திரையாக வீடு சேரவும் முதல் முறையைப் பயன்படுத்த முடியுமா என்பது தமிழ்நாட்டில் சமவாய்ப்பு முறையில் ஆராயத்தக்க அருமையான கேள்வி.

ஆகவே இத்துறையில் இனி வரும் ஒவ்வோர் ஆய்வும் மூன்று கேள்விகளுக்கு விடையளிக்கக் கடமைப்பட்டது. அளவீட்டைப் பார்க்கும் பொறுப்பு பெயர் குறித்து ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்ததா? அவரிடம் சிகிச்சையை மாற்றும் அதிகாரமும், அதற்கான மருந்தும் இருந்தனவா? வீட்டில் பராமரித்தவரின் உழைப்பு கணக்கில் வந்ததா? முதல் இரண்டு கேள்விகளுக்கும் ஆம் என்று சொல்ல முடிந்த இடங்களில், கட்சிரோலியின் பச்சிளங்குழந்தையும் பெர்லின் மையம் கண்காணித்த முதியவரும் ஒரே காரணத்தால் பிழைத்தனர். வீட்டில் ஒருவர் நாள்தோறும் தன் எடையையும் அழுத்தத்தையும் நோட்டில் குறித்து வைப்பது, யாரோ ஒருவர் அதைப் பார்ப்பார் என்ற நம்பிக்கையால்தான். அந்த நம்பிக்கைக்கு உரிய நேரத்தில் மறுமொழி தரும் ஆளை நியமித்துவிட்டுப் பிறகு கருவியை வாங்குவதே முறையான வரிசை. ஆய்வுகள் இதுவரை கற்பித்திருப்பதும் அந்த வரிசையைத்தான்.